செவியின் வயதும் கண்ணின் வயதும்
(பருவந்தோறும் பிள்ளைகள் படிக்கத்தக்க நூல்கள்)

குழந்தைப் பருவத்தை நுணுகிப் பகுத்து நோக்கிய மொழி தமிழ். காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள் அமைத்துப் பிள்ளைத்தமிழ் பாடினர் புலவர். பெண்ணின் வளர்ச்சியைப் பேதை, பெதும்பை, மங்கை எனப் பாட்டியல் நூல்கள் வயது சுட்டி வகுத்தன. ஆயினும் இப்பகுப்புகள் குழந்தையைப் பாடுதற்கு எழுந்தனவே அன்றிக் குழந்தை படித்தற்கு எழுந்தன அல்ல. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உரியனவாக வழங்கின. எனினும் அவை மனனம் செய்தற்கு உரியன. ஒரு சிறுவன் தானே விரும்பி எடுத்து மூலையில் அமர்ந்து படித்தற்கு உரியன அல்ல. எந்தப் பருவத்துப் பிள்ளைக்கு எந்நூல் பொருந்தும் என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில்தான் நம்மிடையே வலுப்பெற்றது.

இன்று புத்தகக் கண்காட்சிகளில் '6 முதல் 8 வயது வரை', '9 முதல் 12 வயது வரை' என்று அட்டையிலேயே அச்சிட்ட நூல்களைக் காண்கிறோம். பெற்றோர்க்கு இது வசதியே. எனினும் இக்குறிப்பு ஒன்றை மறைத்துவிடுகிறது. குழந்தைக்கு வயது ஒன்றன்று, இரண்டு. காதால் கேட்டு உணரும் வயது ஒன்று. கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்து உணரும் வயது மற்றொன்று. நம் மொழியில் இவ்விரண்டிற்கும் இடைவெளி மிகுதி. வீட்டில் பேசும் தமிழ் வேறு, நூலில் அச்சேறிய தமிழ் வேறு. 'வந்துட்டாங்க' என்று பேசும் குழந்தை 'வந்துவிட்டார்கள்' என்பதை முதன்முறை காணும்போது ஏறத்தாழ வேற்றுமொழியையே சந்திக்கிறது. ஆங்கில வழியிற் பயிலும் பிள்ளைகளிடம் இவ்விடைவெளி இன்னும் விரிகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் அறிவு பன்னிரண்டு வயதிற்குரியதாக இருக்க, அவன் தமிழ் வாசிப்பு ஏழு வயதிற்குரியதாகத் தேங்கி நிற்கிறது. அவனிடம் நிலா, காக்கை பாட்டுப் புத்தகத்தை நீட்டினால் அதனை இழிவாகவே கொள்வான். வயதுக்கு ஏற்றது என்று தடித்த நாவலை நீட்டினாலோ இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவான்.

இதன் விளைவைக் கல்லூரி ஆசிரியர் நன்கறிவர். முதலாண்டு மாணவரிடம், பாடநூல் அல்லாது முழுமையாகப் படித்த தமிழ் நூல் எது என்று ஆண்டுதோறும் கேட்பது எம் வழக்கம். பலர் தலை குனிந்திருப்பர். தமிழை விருப்பப் பாடமாக எடுத்தவருள்ளும் இத்தகையோர் உண்டு.

இவ்வுண்மையை இப்பொழுது கல்வித்துறையும் உணர்ந்திருக்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2023ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வாசிப்பு இயக்கம், தன் சிறு நூல்களை வயதால் பிரிக்கவில்லை. 'நுழை, நட, ஓடு, பற' என்னும் நான்கு படிகளால் பிரித்தது. பெயரிட்டவர் பாராட்டுக்குரியவர். பிரதம் புக்ஸ் நூல்களிலும் வயதுக்கு மாறாக வாசிப்புப் படியே குறிக்கப்பெறுகிறது.

பள்ளி செல்லாப் பருவத்துக் குழந்தைக்குச் செவியே வாயில். பாரதியார், கவிமணி, அழ. வள்ளியப்பா ஆகிய மூவரும் அங்கே போதும். கவிமணியின் 'மலரும் மாலையும்' (1938) முழுவதும் குழந்தைகளுக்கு உரியதன்று; அதிலுள்ள குழந்தைப் பாடல்களை மட்டும் பெற்றோர் தேர்ந்துகொள்ளல் வேண்டும். வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்கு எழுதிக் குவித்த வள்ளியப்பாவின் முதல் தொகுப்பாகிய 'மலரும் உள்ளம்' 1944இல் வெளிவந்தது. அவர் பாடல்களின் சிறப்பு, பேச்சில் வழங்கும் சொற்களையே சந்தத்தில் அமைத்தமையாகும். வாய்விட்டுப் பாடாமல் கையிற் கொடுத்து 'படி' என்பார்க்கு அந்நூலால் பயனில்லை.

எழுத்தறிந்த முதலிரண்டு ஆண்டுகளில் படம் பெரிதாகவும் வரி குறைவாகவும் உள்ள நூல்களே தக்கன. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, தூளிகா பதிப்பகத்தின் படக்கதைகள் ஆகியன எளிதிற் கிடைப்பன. வாங்குமுன் ஒன்று பார்க்க: சொற்கள் பிரித்து அச்சிடப்பெற்றுள்ளனவா? புணர்ச்சி இலக்கணம் வழுவலாகாது என்று நான்கு சொற்களைச் சேர்த்து ஒரே நீண்ட சொல்லாக அச்சிடும் பதிப்பாளர், குழந்தையின் கண்ணை நினைப்பதில்லை. தமிழாசிரியனாகிய யானே இதனைக் கூறுவது சிலருக்கு வியப்பாகலாம். வலி மிகும் இடங்களைக் கற்பிக்கப் பின்னர்க் காலம் உண்டு.

எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள பருவமே வாசிப்பை நிலைநிறுத்துவதும் கைவிடச் செய்வதும். இப்பருவத்தில் பிள்ளை தேடுவது நடையழகன்று. 'அப்புறம் என்ன ஆயிற்று' என்பதே. முந்தைய தலைமுறைக்கு இத்தேவையை 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' நிறைவேற்றியது. அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. பழைய இதழ்கள் வீட்டில் இருப்பின் எடைக்குப் போடாது வைத்திருத்தல் நலம். வாண்டுமாமாவின் சாகசக் கதைகள் இன்றும் சிறுவரை ஈர்க்கின்றன. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' நூலகங்களில் தூசி படிந்து கிடக்கிறது. அறிவியற் செய்திகள் சில பழமையடைந்துவிட்டன; புளூட்டோவைக் கோள் வரிசையினின்று நீக்கியது 2006இல்தானே! எனினும் ஒரு பொருளைச் சிறுவனுக்கு விளக்கும் தமிழ்நடைக்கு அது இன்றும் நல்ல சான்று.

படக்கதை நூல்களைப் பற்றியும் கூறவேண்டும். சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸையும், 1984இல் வந்த லயன் காமிக்ஸையும் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்துப் பிடிபட்டோர் எத்தனையோ பேர்! பெற்றோர் இவற்றை வெறுப்பது அறியாமையாலேயே என்பேன். வாசிப்பில் பின்தங்கிய பன்னிரண்டு வயதினனுக்கு இவற்றினும் சிறந்த மருந்தில்லை. உரையாடல் சிறிது, கதைப்போக்கைப் படம் தாங்குகிறது, கதையோ அவன் வயதுக்கு இழிவு தருவதன்று. கண்ணின் வயது செவியின் வயதை எட்டிப்பிடிக்க இஃது ஏணியாகிறது.

இப்பருவத்திற்கு ஒரே நூலைச் சொல்லுக எனின், 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்பேன். தெத்சுகோ குரோயாநாகி எழுதி 1981இல் ஜப்பானில் வெளிவந்த இந்நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் தந்துள்ளது. குறும்புக்காரி என்று பள்ளியினின்று நீக்கப்பெற்ற சிறுமி, பழைய இரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட டோமோயி என்னும் பள்ளியிற் சேர்கிறாள். முதல் நாளில் தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேச்சை நான்கு மணி நேரம் கேட்கிறார். போர்க்காலத்தில் 1945இல் அப்பள்ளி குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. இயல்கள் மிகச் சிறியன. நாளொன்றுக்கு ஒன்று படித்தற்கேற்றவை. குழந்தை மகிழ்ந்து படிக்கும். அருகிருந்து கேட்கும் ஆசிரியர் சற்று நாணுவர்.

சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் வழங்கப்பெற்று வருதலால் அண்மைக்கால நூல்களைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகியுள்ளது. 2020இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தகாத தொடுதலைப் பற்றிச் சிறுமியர்க்கு அச்சமூட்டாது அறிவுறுத்துகிறது. இதனை வாங்கத் தயங்கும் பெற்றோர் பலர். தாம் முதலில் படித்துப் பார்த்துப் பின்னர் முடிவு செய்வாராக.

பதின்மூன்று வயதிற்குமேல் நூற்பட்டியல்களிற் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. சிறுவர் நூல் கசக்கிறது. பெரியோர் நூல் கனக்கிறது. கல்கியே இங்குப் பாலம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் முதலிற் கொடுத்து மலைக்கச் செய்வதைவிடப் 'பார்த்திபன் கனவி'ல் தொடங்குதல் நன்று. வார இதழுக்கென எழுதப்பெற்றமையால் இயல்கள் சிறியனவாகவும், அடுத்தது என்ன என்று தூண்டி முடிவனவாகவும் அமைந்துள்ளன. மெல்லப் படிப்போர்க்கும் இவ்வமைப்பு துணைசெய்கிறது.

இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரு மணி நேரத்திற் படித்து முடிக்கத்தக்க சிறு கதை. வினாக்களை விரும்பாத வகுப்பறையில் வினாக்களோடு வாழ்ந்த ஒரு மாணவியின் கதை, முடிவு துயரமானது. பதினான்கு வயதினர் இதனைத் தனியே படிக்க விடாது, படித்தபின் அவரோடு பேசுதல் வேண்டும். பிரெஞ்சு மொழியிலிருந்து நேரே பெயர்க்கப்பெற்று 1981இல் தமிழில் வந்த 'குட்டி இளவரச'னும் இவ்வயதிற்கே உரியது. அதன் படங்களைக் கண்டு ஆறு வயதுக் குழந்தைக்குப் பரிசளிப்போர் உளர். அக்குழந்தை படம் பார்க்கும், அவ்வளவே.

இன்னொன்று. வாப்பா, உம்மா என்று வீட்டில் அழைத்து வளரும் பிள்ளை, தான் படிக்கும் கதைகளில் அச்சொற்களைக் காணாமலே வளர்வதுண்டு. நூலுலகம் தனக்கு அயலானது என்னும் எண்ணம் அங்கே விதையாகிறது. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' (1959) தமிழிலும் உண்டு. எழுத்தாளர் எழுதிய புத்தகத்தையே ஆடு தின்றுவிடும் இடத்தில் சிரிக்காத பிள்ளையை யாம் கண்டதில்லை. அதன்பின் பதினேழு வயதளவில் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988). வட்டார வழக்கு முதலிற் சற்றுத் தடுக்கும்; சில பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டினால் செவி பழகிவிடும். பள்ளிக்கூடத்தை ஓர் ஊர் எதிர்த்த கதையைப் படிக்கும் மாணவர் தம் பாட்டியார் பள்ளி சென்றாரா என்று வீட்டில் கேட்கத் தொடங்குகின்றனர்.

பள்ளியிறுதி வகுப்பினர்க்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 122 இயல்கள் கொண்ட பெருநூல். முதற்பக்கம் தொடங்கிப் படிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஊர்ப்பெயர் விளக்கங்களிலேயே நின்றுவிடுவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவும் இடத்தைத் திறந்து கொடுங்கள். சொன்ன நூற்பெயர் எதற்கும் முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அவ்வியலைப் படித்த மாணவர் பின்னோக்கிச் சென்று மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட பகுதியைத் தாமே தேடி எடுப்பர். ஊர்ப்பெயர் விளக்கங்களைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.