பிடிக்கும், பிடித்தது: ஸ்பானிஷில் எப்படி?

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் என்னிடம் ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களில் பலர் பெங்களூரு வேலைக்காக விடிகாலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடிப்பவர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள். பிடித்ததைச் சொல்லும் பாடத்தில் பாதி இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆங்கிலத்தில் 'ஐ லைக் காபி' என்றால் எழுவாய் நான். ஸ்பானிஷில் காபிதான் எழுவாய்: 'மே குஸ்தா எல் கஃபே'. 'மே' என்றால் எனக்கு. தமிழில் எனக்குப் பிடிக்கும், கன்னடத்தில் நனகெ இஷ்ட, தெலுங்கில் நாகு இஷ்டம் எல்லாம் இதே அச்சுதான். அதனால் "நடுவில இங்கிலீஷைக் கூப்பிடாதீங்கப்பா" என்பேன். கூப்பிட்டவர்கள் 'யோ', அதாவது 'நான்' என்று தொடங்கித் தடுமாறுகிறார்கள்.

தமிழில் படம் பிடிக்கும், படங்களும் பிடிக்கும், வினை மாறாது. ஸ்பானிஷில் மாறும். ஒரு படமென்றால் 'மே குஸ்தா லா பெலிகுலா', பல படங்களென்றால் 'மே குஸ்தான் லாஸ் பெலிகுலாஸ்'. ஆடப் பிடிக்கும் என்று செயலைச் சொன்னால் ஒருமையே போதும்: 'மே குஸ்தா பைலார்'.

சிக்கல் இறந்தகாலத்தில்தான். 2001 பிப்ரவரி 28-ல் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு முன்பு ஷிஃப்ட் மாறும்போது ஊதிய சங்கைப் பற்றி, "அப்பல்லாம் எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்" என்கிறோம். காலம் போனாலும் 'பிடிக்கும்' போகவில்லை. ஸ்பானிஷ் இதற்கு இடம் கொடுக்காது. நெடுநாள் இருந்த விருப்பத்துக்கு 'குஸ்தாபா': 'மே குஸ்தாபா லா சிரேனா'. நேற்றுப் பார்த்த படம் பிடித்தது என்றால், கடைசி எழுத்தை அழுத்தி 'குஸ்தோ': 'மே குஸ்தோ லா பெலிகுலா'. பன்மைக்கு குஸ்தாபான், குஸ்தாரோன்.

எது எங்கே என்று குழம்பினால், தமிழ் வாக்கியத்தில் 'அப்பல்லாம்' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் குஸ்தாபா. 'நேற்று', 'அன்றைக்கு' பொருந்தி, விஷயம் அதோடு முடிந்தால் குஸ்தோ.

ஆட்களைச் சொல்லும்போது மட்டும் உஷார். 'மே குஸ்தாஸ்' என்றால் உன் மேல் ஆசை என்று அர்த்தமாகிவிடும். கூட வேலை செய்பவரைப் பிடிக்கும் என்பதற்கு 'மே காயே பியென்' என்று வேறொரு வழி இருக்கிறது. ஆபீஸுக்குப் போகிறவர்கள் முதலில் அதைப் பழகிக்கொள்வது நல்லது.