எட்டு ஜோடியை எண்ணிப் பார்ப்போம்

விசைப்படகில் வலையின் மடியைக் கொட்டி நல்ல இறாலைப் பொறுக்கியபின் மிஞ்சும் குவியலில் ஸ்குவில்லா என்ற ஓட்டுடலி நிறையக் கிடக்கும். நம் கரையில் அதிகம் அகப்படும் இனங்களில் ஒன்று ஒராட்டோஸ்குவில்லா நேபா. பெரும்பாலும் வெயிலில் காய்ந்து மீன்தூளாகிவிடும். பார்க்கிறவர்கள் ‘இதுவும் ஒரு வகை இறால்தானே’ என்பார்கள். இல்லை. ஓர் இறாலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டின் மார்பிலும் எட்டு ஜோடிக் கால்கள் உண்டு. நாம் ஏமாறுவது இங்கேதான். எண்ணிக்கை ஒன்று, வேலைப் பங்கீடு வேறு. இறாலுக்கு முதல் மூன்று ஜோடி உணவை வாய்க்குத் தள்ளும் தாடைக்கால்கள். பின்னுள்ள ஐந்தும் நடக்க, பிடிக்க. அந்த ஐந்து ஜோடியால்தான் இறாலும் நண்டும் பத்துக்காலிகள் என்ற ஒரே வரிசையில் சேர்கின்றன. ஸ்குவில்லாவில் கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது: வாயருகே ஐந்து ஜோடி, நடக்க மூன்றே ஜோடி. ஆகவே நண்டுதான் இறாலுக்குச் சொந்தம். ஸ்குவில்லாவின் வரிசையே தனி. அதில் 450க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

அடுத்து மூச்சு. இறாலின் செவுள்கள் மார்பு ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்குவில்லாவின் ஓடோ சிறியது, மார்பின் பின்கட்டுகளை மூடாது. செவுள்களை அடிவயிற்றின் ஐந்து ஜோடி நீச்சல் கால்களில் காணலாம். நீந்த அசையும் கால்களே மூச்சுக்கும் உதவுகின்றன. எனக்கு இதில் மிகப் பிடித்த அமைப்பு இதுதான்.

இனி ஸ்குவில்லாவின் வாயருகே உள்ள ஐந்து ஜோடியில் இரண்டாவதைக் கவனிப்போம். மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிது. நுனிக்கட்டு மடக்குக்கத்தியின் அலகுபோல முந்தைய கட்டின் பள்ளத்துக்குள் மடிந்து கிடக்கும். நேபாவில் அந்த அலகில் ஆறு முட்கள். சேற்று வளையில் பதுங்கியிருந்து, அருகில் வரும் மீனை அதால் குத்திப் பிடிக்கும்.

பவளப்பாறைகளில் வாழும் சில இனங்கள் குத்துவதில்லை, அடிக்கின்றன. அலகை மடித்தபடியே, அதன் புடைத்த அடிப்பகுதியால் சிப்பியையும் நண்டையும் உடைக்கும். அந்த வேகம் தசைக்கு மட்டும் எட்டாதது. தசை மெல்ல இறுகும்போது, காலிலுள்ள சேண வடிவ ஓட்டுத்துண்டு வளைந்து விசையைச் சேமிக்கிறது; பூட்டு விலகியதும் அத்தனையும் ஒரே கணத்தில் வெளியேறும். மயில் நிற இனமொன்றில் ஆய்வாளர் ஷீலா படேக் குழுவினர் 2004இல் பதிவுசெய்த வேகம் விநாடிக்கு சுமார் 23 மீட்டர். அடியின் வேகத்தில் நீரில் தோன்றும் ஆவிக்குமிழி உடைந்து, இரை இரண்டாவது அடியும் வாங்கும்.

இனம் பிரிக்கும்போது ஆய்வாளர்கள் அலகின் முட்களோடு வால்தட்டின் மேடுகளையும் முட்களையும் பார்க்கிறார்கள். அடிக்கும் இனங்களில் இந்தத் தட்டு தடித்தது. வளைக்காக இரண்டு மோதும்போது உடலைச் சுருட்டி இதைத்தான் முன்னே நீட்டுகின்றன. எதிரியின் அடி அதன்மேல் விழும்.