வலி நின்றால் குணமாகிவிட்டதா?



ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் கழிந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு எங்கள் எலும்பு சிகிச்சை வார்டில் வாலிபர்களின் முகங்களே அதிகமாகத் தென்படும். ஊர்தோறும் நடைபெறும் கபடி, வாலிபால் போட்டிகளே அதற்குக் காரணம். படுக்கை படுக்கையாகச் சென்று ஆறுதல் சொல்லும் பணியில் இருக்கும் நாங்கள், ஏறக்குறைய ஒரே கதையைப் பலருடைய வாயிலிருந்தும் கேட்கிறோம். அவற்றில் ஒன்றை இங்கே கூறுகிறோம்.

இருபது வயது வாலிபன் ஒருவன். நன்றாகக் கபடி ஆடுவான். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்பது அவனுடைய வீட்டாரின் நம்பிக்கை. பாடிச் சென்றவன் பிடியிலிருந்து விலகத் திரும்பியபோது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அன்று இரவுக்குள் முழங்கால் தேங்காய் போல வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவிவிட்டு இறுகக் கட்டினார்கள். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வீட்டார் நிம்மதி அடைந்தார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் நின்றது. அடுத்த ஊர்ப் போட்டியில் இறங்கினான். யாரும் தொடவேயில்லை, திரும்பிய மாத்திரத்தில் முழங்கால் நழுவி விழுந்தான். இம்முறை காலை நீட்டவே முடியவில்லை.

முதல் நாளில் அறுந்தது முழங்காலின் முன்பக்க ஜவ்வு. மூன்று வாரம் கழித்துக் கிழிந்தது, மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு. முதல் காயம் விளையாட்டில் நேர்ந்தது. இரண்டாவதைத் தவிர்த்திருக்கலாம்.

முழங்காலுக்குள் நடப்பது என்ன?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார்களைத்தான் நம் மக்கள் ஜவ்வு என்கிறார்கள். முன்பக்க ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னால் சறுக்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் காக்கிறது. ஓட்டத்திலிருந்து சட்டென்று நிற்கும்போதும், குதித்து இறங்கும்போதும், பாதம் தரையில் பதிந்திருக்க உடல் திரும்பும்போதும் அது அறுந்துபோகக்கூடும். சத்தம் கேட்பதும், சில மணி நேரத்தில் மூட்டில் இரத்தம் தேங்கி வீங்குவதும் அதன் முக்கிய அடையாளங்கள்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. அனுபவமுள்ள மருத்துவர் முழங்காலைக் கையால் அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுகொள்வார். தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்.

இரத்தம் வடிந்ததும் வலி நின்றுவிடும். நேராக நடப்பதற்கு இந்த ஜவ்வு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஆகையால் அடிபட்டவர் குணமாகிவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். மைதானத்தில் திரும்பும்போதுதான் குறை வெளிப்படுகிறது.

கணுக்கால் சுளுக்கு

எல்லாவற்றிலும் அதிகமாகக் காண்பது கணுக்கால் பிசகுவதே. பாதம் உட்பக்கமாக மடங்க, வெளிப்பக்க ஜவ்வு இழுபடுகிறது அல்லது கிழிகிறது. எலும்பு முறிந்திருக்குமோ என்று அறிய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் எளிய விதிகளை வெளியிட்டார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க முடியாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் நடு எலும்புகளில் வலி இருந்தாலும் அப்படியே.

சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஜவ்வு வெறும் கயிறு அல்ல. பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புகளும் அதில் இருக்கின்றன. அந்த உணர்வைப் பயிற்சியால்தான் திரும்பப் பெற வேண்டும். ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவதுகூட நல்ல பயிற்சியே.

முதல் இரண்டு நாட்கள்

ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கலாகாது. கிரேப் பேண்டேஜை அளவாகச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டைத் தளர்த்த வேண்டும். நீவிவிடுவதும், உருவி இழுப்பதும், சுடு ஒத்தடம் கொடுப்பதும் இந்நாட்களில் கூடாது. உள்ளே இரத்தக்கசிவு அதிகமாகும்.

ஓய்வும் பனிக்கட்டியுமே பிரதானம் என்ற முறையை 1978இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகளுக்குப் பின், அளவு மீறிய பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே திருத்திக் கூறினார். எலும்பு முறிவு இல்லையென்று தெரிந்தபின், சாதாரணச் சுளுக்குக்கு வலி பொறுக்கும் அளவுக்கு மெதுவான அசைவு நல்லது.

தலையில் அடிபட்டு மயக்கமோ தலைச்சுற்றலோ வந்தவரை, தெளிந்துவிட்டாலும் அன்று மறுபடி ஆட விடக்கூடாது. வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, குழப்பம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சையா?

ஆபரேஷன் என்றாலே ஏழைக் குடும்பங்கள் கலங்குகின்றன. ஜவ்வு அறுந்த எல்லாருக்கும் அது தேவையில்லை. சுவீடனில் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் அறுவை சிகிச்சை என்ற பிரிவில் இருந்த 59 பேரில் 36 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மூட்டு அடிக்கடி நழுவுகிறவர்களுக்கும், திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டுக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கும் மருத்துவர் அதை ஆலோசனை கூறுவார். பின்தொடையிலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ எடுத்த நாரைக் கொண்டு புதிய ஜவ்வு அமைப்பார்கள்.

அதன்பின் வருவதே கடினமான காலம். நார்வேயிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி காயம்படும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக அது காட்டியது. ஒன்பது மாதம் கழிந்தாலும், அடிபட்ட காலின் பலம் மற்றக் காலுக்கு இணையாக வந்திருக்கிறதா என்று சோதித்த பின்பே அனுமதிக்க வேண்டும்.

வருமுன் காப்போம்

நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 கால்பந்து வீராங்கனைகளிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. மெதுவான ஓட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி, ஒற்றைக்காலில் சமநிலை, முழங்கால் உட்பக்கம் சாயாமல் குதித்து இறங்குதல் ஆகியவை அடங்கிய 20 நிமிடப் பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. இதற்குச் செலவு எதுவும் இல்லை. கபடிக் களத்தில் கல்லும் கண்ணாடியும் பொறுக்கி, மண்ணைக் கொத்தி மிருதுவாக்கி, நகங்களை வெட்டிவிட்டு ஆடுவதும் செலவில்லாத காரியங்களே.

உங்கள் சபையின் வாலிபர் விளையாட்டு விழாவுக்குப் பரிசுக் கோப்பைகள் வாங்கும்போது, ஒரு பனிக்கட்டிப் பெட்டியும் நான்கு கிரேப் பேண்டேஜும் சேர்த்து வாங்குங்கள். 'தம்பி, இன்று நீ ஆட வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு பெரியவருக்குக் கொடுங்கள். அணி தோற்றாலும் அவருடைய சொல்லே நிற்க வேண்டும்.

அந்த வாலிபனுக்கு ஜவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இது ஆறாவது மாதம். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி பிசியோதெரபிக்கு வருகிறான். இவ்வருடத் தேர்வு அவனுக்குக் கைநழுவிப் போயிற்று. வயது வரம்பு முடிய இன்னும் காலம் இருக்கிறது. சென்ற வாரம், "ஐயா, இப்போ வலியே இல்லை. கொஞ்சம் ஆடிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்லுமுன் அவனே சிரித்துக்கொண்டு, "போன தடவையும் வலி இல்லைதான்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி அறைக்குள் சென்றான்.