அம்மா, அப்பா: சபினா ஷ்பீல்ரைன் கருத்தும் துளு வழக்கும்

உருசியாவின் ரோஸ்தவ் நகரில் 1885இல் பிறந்த சபினா ஷ்பீல்ரைன், உளவியல் வரலாற்றில் பெரும்பாலும் யுங்கின் நோயாளியாகவே குறிக்கப்பெறுகிறார். அவர் மனச்சிதைவுற்ற ஒரு பெண்ணின் பேச்சை ஆராய்ந்து 1911இல் சூரிச்சில் முனைவர் பட்டம் பெற்றவர். ‘மாமா’, ‘பாபா’ எனும் மழலைச் சொற்களின் தோற்றம் பற்றி 1922இல் கட்டுரை வெளியிட்டவர். 1942இல் ரோஸ்தவில் நாஜிப் படையினரால் இரு மகள்களுடன் கொல்லப்பட்டார்.

பால் உறிஞ்சும் இதழசைவில் மகரம் பிறக்கிறது. வயிறு நிறைந்த குழந்தை இதழ்களால் விளையாடுகையில் பகரம் பிறக்கிறது என்பது அவர் கருத்து. முன்னது தாயோடும் பின்னது தந்தையோடும் இயைந்தது என்பர். தமிழும் கன்னடமும் ‘அம்மா’, ‘அப்பா’ என வழங்குதல் இதற்கு அரண் செய்வதாகத் தோன்றும். ஆயின் பெங்களூரில் இவற்றோடு உடன் ஒலிக்கும் துளுவில் ‘அப்பெ’ தாய், ‘அம்மெ’ தந்தை! தெலுங்கின் ‘நான்ன’வில் இதழொலியே இல்லை. ஒலியின் பிறப்பை உடலியல்பு விளக்கலாம். அது யாரைச் சுட்டும் என்பதை வகுப்பது மொழிமரபே எனல் பொருந்தும். ஷ்பீல்ரைனின் முதற்பகுதி இன்றும் ஏற்கத்தக்கது, இரண்டாவதே ஐயத்திற்குரியது. துளுக் கதையைத் தமிழாக்குவோர் ஒலியை நம்பினால் தந்தை தாயாகிவிடுவார்.