காகிதத்தில் வாழும் கடல்பாசி

கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவான், போர்ட்டிக்சனை ஒட்டியிருந்தாலும் மலாக்கா மாநிலத்து மண். அதன் பாறைகளில் சர்காசம் என்னும் பழுப்புக் கடல்பாசி வளர்கிறது.

இத்தகைய பாசியை நூறாண்டு காப்பது எப்படி? தட்டு நீரில் மிதக்கவிட்டு, அடியில் தடித்த தாளை நுழைத்து மெல்லத் தூக்குவார்கள். மேலே மெல்லிய துணி, மை ஒற்றும் தாள், அழுத்தப் பலகை. பல பாசிகளுக்குப் பசையே வேண்டாம்; தம் வழவழப்பிலேயே தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

எடுத்த இடமும் நாளும் குறித்த சீட்டு கட்டாயம்.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் கடல்பாசித் தொகுப்பொன்றைப் பேணுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இத்தகைய தொகுப்புகளுக்குப் பூஞ்சணமும் பூச்சியும்தான் எதிரி. அதனால்தான் ஈரமற்ற குளிர் அறை. பூச்சியைக் கொல்லச் சில நாள் உறைபெட்டி. பழைய தாளிலிருந்து சிறு துணுக்கெடுத்து, இன்று மரபணுவையும் ஆராய்கிறார்கள்.