மாறிய தோட்டா

றைபிளின் குத்தூசி தோட்டாவின் அடியிலுள்ள சிறு தொப்பியைத் தாக்கியதும், உள்ளிருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அதன் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 50,000 இறாத்தல் வரை உயர்வது இக்காலத் துவக்குகளில் வழக்கமே. அப்பொழுது பித்தளைக் கோது விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. எஞ்சிய ஒரே வழி முன்பக்கம். சன்னம் அவ்வழியே ஓடிவிடுவதனாலேதான் துவக்கு உடையாதிருக்கிறது.

சன்னம் ஓட இயலாவிட்டால் என்ன நேரும்? அமெரிக்காவில் 2011 ஆம் ஆண்டு முறையான தரம் பெற்ற ‘300 பிளாக்கவுட்’ என்னும் தோட்டா இதற்கு நல்ல உதாரணம். முன்பே பரவியிருந்த ‘223 ரெமிங்டன்’ தோட்டாவின் 45 மில்லிமீற்றர்க் கோதினை 35 மில்லிமீற்றராகக் குறுக்கி, அகன்ற சன்னம் பொருத்தியதே அது. இரண்டுக்கும் பூட்டு ஒன்று, தோட்டாப் பெட்டி ஒன்று. குழலை மாத்திரம் மாற்றினாற் போதும். விற்பனைக்குப் பெரும் வசதிதான். ஆனால் அவ்வசதியே ஆபத்துக்கும் வாயிலாயிற்று.

223 குழலுக்குள் தவறாகச் செலுத்திய 300 தோட்டா, பெரும்பாலும் முழுவதும் நுழையாமல் நின்றுவிடும். ஆயினும் சன்னம் இறுக்கமாகப் பிடிபட்டிராவிட்டால், பூட்டின் வேகம் அதனைக் கோதுக்குள் பின்தள்ளிவிடும், பூட்டும் மூடிக்கொள்ளும். வெடித்ததும் 7.8 மில்லிமீற்றர்ச் சன்னம் 5.6 மில்லிமீற்றர்க் குழல்வாயில் இறுகி நிற்கிறது. வாயு கோதின் அடியைப் பிளந்து பின்னே பாய்கிறது. பூட்டின் பற்கள் முறியலாம், மேற்கூடு பிளக்கலாம், தோட்டாப் பெட்டி கீழே தெறித்து விழலாம். சுடுவோரின் முகமும் கையும் அருகிலேயே இருக்கின்றன. மாறாக, 223 தோட்டா 300 அறைக்கு நீளங்கூடியது, பூட்டு மூடாது.

வேட்டைத் துவக்கிலும் இத்தகைய வினை உண்டு. 12 ஆம் இலக்கக் குழலுள் வீழ்ந்த 20 ஆம் இலக்கத் தோட்டா, அறையைக் கடந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையெனக் கருதி இன்னொன்றை இட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இதனாலேயே 20 ஆம் இலக்கத் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் வழக்கமாயிற்று.

றைபிள் தோட்டாக்களுக்கு அத்தகைய பொது நிறம் இல்லை. கவனமுடையோர் தோட்டாப் பெட்டிகளுக்கு வெவ்வேறு வர்ணப் பட்டிகள் இடுகின்றனர். பூட்டு மூட மறுத்தால் தட்டி மூடாது, தோட்டாவை வெளியே எடுத்துப் பார்க்கின்றனர். அடியிலுள்ள பொறிப்பை மாத்திரம் வாசிப்பது போதாது. பழைய 223 கோதுகளை வெட்டி வீட்டிலே செய்யப்படும் 300 தோட்டாக்களில், பழைய இலக்கமே அழியாமல் நிற்கிறது.