எந்த இலக்கை முதலில் வைப்பது?

இரவல் காணியில் பயிர்செய்யும் குடும்பத்தின் வாசலில் இரண்டு தேவைகள் ஒன்றாக நிற்கின்றன: வீட்டுச் சாப்பாடு, கடைக்கடன். இரண்டையும் முழுதாகத் தீர்க்க நிலம் போதாது. இத்தகைய இக்கட்டுக்கென ஒரு கணக்கு முறை உண்டு. அமெரிக்க அறிஞர்கள் சார்ன்ஸ், கூப்பர் ஆகியோர் 1950களில் உருவாக்கிய 'இலக்குத் திட்டமிடல்' அது. (முதலில் அது பயன்பட்டது கம்பனி மேலதிகாரிகளுக்குச் சம்பளம் நிர்ணயிக்கத்தான்!) அதிக இலாபத்தை அது தேடுவதில்லை, நாம் வைத்த இலக்குகளில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்தக் குறையைச் சிறிதாக்குகிறது.

உங்களிடம் 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர், இருப்பதாக வைப்போம். சாப்பாட்டுக்குக் குரக்கனும் பயறும் 6 பரப்பில் வேண்டும். கடனை அடைக்க மிளகாய் 6 பரப்பில் வேண்டும். 4 பரப்புக் குறைகிறது. அந்தக் குறையை எதன் தலையில் போடுவது? முறைக்கு முறை விடை மாறும்.

சமன் முறையில் பெரிய குறையைச் சிறிதாக்குவோம்: 4 பரப்பு, 4 பரப்பு. பல குடும்பங்கள் ஒரே கிணற்றில் இறைக்கும்போது இதுவே பொருத்தம். எவரும் மற்றவரைவிட அதிகம் இழப்பதில்லை.

புள்ளி முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடனில் ஒரு பரப்புக் குறைந்தால் 3 புள்ளி நட்டம், சாப்பாட்டில் குறைந்தால் 2 புள்ளி என்று வைத்தால், நிலமும் மூன்றுக்கு இரண்டாகப் பிரியும் என்று நினைப்போம். இல்லை. நட்டம் குறையவேண்டுமானால் மிளகாய்க்கு 6 பரப்பும் போய்விடும். சாப்பாட்டுக்கு 2 மட்டுமே மிஞ்சும். புள்ளியில் சிறு வித்தியாசம், பானையில் பெரும் வித்தியாசம்.

பசியைக் காசுபோல் அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே தனிக் குடும்பத்துக்கு நாம் சொல்வது வரிசை முறை: முதலில் சாப்பாடு 6 பரப்பு, மிச்சம் 2 பரப்பில் மிளகாய். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. பயத்தில் சாப்பாட்டு இலக்கை 8 பரப்பாக உயர்த்தினால் கடனுக்கு ஒன்றுமே மிஞ்சாது. கூட்டங்களில் நாம் பெரும்பாலும் குடும்பத் தலைவரிடமே இதைக் கேட்டுவிடுகிறோம். அது நம் பிழை. எத்தனை பரப்புப் போதும் என்பதை உலை வைப்பவரிடம் கேளுங்கள்.

கடைக்காரரிடம் விதைப்புக்கு முன்னரே போங்கள். இந்தப் போகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தரமுடியும் என்று கணக்கைக் காட்டி, மிச்சத்துக்குத் தவணை கேளுங்கள்.